இரவல் திண்ணையில் ஒரு கடை

அகநானூற்றின் 140ஆம் பாடல் ஓர் உப்பு விற்பனையின் நடுவே பிறந்த காதலைச் சொல்கிறது. பாடியவர் அம்மூவனார். உமணர் குலத்துப் பெண்ணொருத்தி நெல்லுக்கு ஈடாக உப்புத் தருவதாகச் சேரியில் விலை கூறிச் செல்கிறாள். பழகாத குரலைக் கேட்ட வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண்கள் மருள்கின்றன. அந்தக் கண்களைக் கண்டவன் பின்னர்த் தன் தோழனிடம் தன் நோயைச் சொல்லிப் பெருமூச்செறிகிறான். வகுப்பறையில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் நமக்கு ஒன்று தோன்றும். பண்டம் விற்கும் குரலும் மனத்தைத் தொடும் குரலும் அன்று ஒரே தெருவில், ஒரே தொண்டையிலிருந்து எழுந்திருக்கின்றன. வணிகம் வேறு, வாழ்க்கை வேறு என்ற பாகுபாடு அந்தச் சேரிக்குத் தெரியாது.

அவ்விரு குரல்களும் இன்று மீண்டும் ஒன்றாகியுள்ளன. ஒரே கைப்பேசியில், ஒரே செயலியில், மகளின் பிறந்தநாள் படமும் அதற்கு அடுத்ததாக ஆவக்காய் ஊறுகாயின் விலையும் வருகின்றன. இதைச் சீரழிவு என்று வருந்துவோர் உண்டு. புரட்சி என்று புகழ்வோரும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பது நம் எண்ணம். சமூக ஊடகங்கள் என்று நாம் வழங்கும் இக்கருவிகளின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் பின்தொடர்ந்தால், உண்மையான கேள்வி வேறோர் இடத்தில் இருப்பது புலப்படும். உமணப் பெண் கூவிச் சென்ற தெரு எந்தத் தனியாளுக்கும் உரியதன்று. இன்றைய சிறுவணிகர் கூவும் இடத்துக்கோ உரிமையாளர் இருக்கிறார். பார்வைக்குத் தெருவைப் போலத் தோன்றும் அது, உண்மையில் இன்னொருவர் வீட்டுத் திண்ணை. திண்ணையில் கடை விரிக்க இடங்கொடுத்தவர், எப்போது வேண்டுமானாலும் வாடகை கேட்கலாம். கதவைச் சாத்திக்கொண்டும் போகலாம். கடந்த கால் நூற்றாண்டில் இது எப்படியெல்லாம் நடந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டப்பாவும் தோழியும்

இணையம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, உறவின் வழியாகப் பண்டம் விற்கும் கலை அமெரிக்காவில் நன்கு வளர்ந்திருந்தது. ஏர்ல் டப்பர் என்பவர் 1940களில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தை உருவாக்கினார். காற்றுப் புகாமல் மூடிக்கொள்வது அதன் சிறப்பு. ஆயினும் கடை அலமாரியில் அது சரியாக விலைபோகவில்லை. மூடியை அழுத்தி, உள்ளிருக்கும் காற்றைச் சிறிது வெளியேற்றி மூட வேண்டும் என்ற நுட்பம் கடைக்கு வந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. யாரேனும் செய்து காட்ட வேண்டியிருந்தது. அந்த யாரோ ஒருவர் நம்பத்தக்கவராகவும் இருக்க வேண்டியிருந்தது.

மணமுறிவுக்குப் பின் மகனைத் தனியாக வளர்த்துவந்த பிரௌனி வைஸ் என்ற பெண்மணி இதற்கு வழி கண்டார். ஒரு பெண் தன் வீட்டு வரவேற்பறைக்குத் தோழிகளையும் அண்டை வீட்டாரையும் அழைப்பார். தேநீரும் சிரிப்புமாகப் பொழுது போகும். நடுவே பாத்திரம் செய்துகாட்டப்படும். வாங்குவோர் வாங்குவர், இடமளித்த இல்லத்தரசிக்கு அன்பளிப்பு உண்டு. இம்முறையின் வலிமையைக் கண்ட டப்பர் 1951இல் தம் பொருள்களைக் கடைகளிலிருந்தே விலக்கிக்கொண்டு, வீட்டு விருந்துகளின் வழியாக மட்டும் விற்கத் தொடங்கினார். விற்பனைப் பொறுப்பை வைஸிடம் ஒப்படைத்தார். 1954இல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் வைஸின் படம் வந்தது. அவ்விதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

1958இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. ஓராண்டுச் சம்பளத்தோடு வெளியேறினார். அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தைப் பெருந்தொகைக்கு விற்றார். அமெரிக்க வரவேற்பறைகளை ஒன்றோடொன்று இணைத்து வலையாகப் பின்னியவர் ஒருவர். அந்த வலையை விற்றுப் பணமாக்கிக்கொண்டவர் வேறொருவர். இக்கதையை நாம் இங்கு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த அறுபதாண்டுகளில் பெயர்களும் கருவிகளும் மாறினவே தவிர, இக்கதையின் அமைப்பு பெரிதும் மாறவில்லை.

நண்பர்களின் பட்டியல்

1997இல் அமெரிக்காவில் 'சிக்ஸ் டிகிரீஸ்' என்னும் தளம் தொடங்கப்பட்டது. ஒருவர் தம்மைப் பற்றிய குறிப்பை எழுதி, தம் நண்பர்களின் பட்டியலை இட்டு, அந்நண்பர்களின் நண்பர்களையும் காணலாம் என்பதே அதன் ஏற்பாடு. இன்று குழந்தைக்கும் தெரிந்த இவ்வசதி அன்று புதுமை. ஆனால் அக்காலத்தில் பெரும்பாலோரின் உறவினர்கள் இணையத்துக்கே வந்திருக்கவில்லை. விருந்துக்கு வீடு தயாராக இருந்தது, விருந்தினரைத்தான் காணோம். சில ஆண்டுகளிலேயே அத்தளம் மூடப்பட்டது. அதன்பின் 2002இல் ஃபிரெண்ட்ஸ்டர், 2003இல் மைஸ்பேஸ், 2004 ஜனவரியில் ஆர்குட் என்று வரிசையாக வந்தன.

இவற்றுள் நம் நாட்டவரின் நெஞ்சில் நின்றது ஆர்குட். துருக்கியில் பிறந்த கூகுள் பொறியாளர் ஆர்குட் புயுக்கோக்டென் உருவாக்கியதால் அவர் பெயரையே அது தாங்கியது. தொடக்கத்தில் ஏற்கெனவே உள்ளவர் அழைத்தால் மட்டுமே உள்ளே செல்ல முடியும். அமெரிக்காவில் பிறந்த இத்தளத்தைப் பெரிதும் தமதாக்கிக்கொண்டவர்கள் பிரேசில் நாட்டினரும் இந்தியர்களுமே. பள்ளித் தோழர்களைத் தேடிக் கண்டுபிடித்ததும், அவர்கள் பக்கத்தில் 'ஸ்கிராப்' எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததும் ஒரு தலைமுறையின் இளமை நினைவுகள். ஒருவரைப் பற்றி அவருடைய நண்பர் நற்சான்று எழுதும் வசதியும் அதில் இருந்தது. அன்று அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். ஒரு மனிதனைப் பற்றி இன்னொருவன் தரும் சான்று என்பது வணிகத்தின் முதல் நாணயம் என்பதைப் பின்னர் வந்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டனர்.

ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதற்குள் மக்கள் வேறு திண்ணைக்குப் பெயர்ந்திருந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் விடுதியில் 2004 பிப்ரவரியில் பிறந்த முகநூல், 2006 செப்டம்பரில், பதின்மூன்று வயதான எவரும் மின்னஞ்சல் முகவரி கொண்டு சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் நிறுவனங்களும் கடைகளும் தமக்கெனப் பக்கம் வைத்துக்கொள்ளும் வசதியை அது அறிமுகப்படுத்தியது. நண்பர்கள் பேசிக்கொண்டிருந்த திண்ணையின் மூலையில் முதல் கடை விரிக்கப்பட்டது அப்போதுதான்.

வண்டி எங்கே நிற்கிறது?

சிறுவணிகர் ஒருவருக்கு இக்கருவிகள் என்ன செய்ய முடியும் என்பதை உலகம் முதன்முதலில் தெளிவாகக் கண்டது ஓர் உணவு வண்டியிடம். 2008ஆம் ஆண்டின் இறுதி. அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம். வேலையிழந்திருந்த சமையற்கலைஞர் ராய் சோய், நண்பர் மார்க் மங்குவேரா முதலியோருடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'கோகி' என்ற வண்டிக்கடையைத் தொடங்கினார். கொரிய முறையில் சுட்ட இறைச்சியை மெக்சிகோவின் டாக்கோவுக்குள் வைத்துத் தருவது அவர்களின் பண்டம். இரு புலம்பெயர் சமூகங்களின் நாக்குகள் சந்தித்துக்கொண்ட இடம் அது எனலாம்.

வண்டிக்கடைக்கு ஒரு பழைய இடர்ப்பாடு உண்டு. வாடிக்கையாளருக்கு அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. நம்மூரில் ஐஸ் வண்டிக்காரர் மணியடிப்பதும், பழைய இரும்பு வாங்குபவர் கூவுவதும் இதற்காகவே. ஆனால் மணியோசை இரண்டு தெருவுக்கு மேல் கேட்காது. கோகியினர் அப்போது இரண்டே வயதான ட்விட்டரைத் தங்கள் மணியாக்கிக்கொண்டனர். இன்றிரவு இன்ன தெருமுனையில் இத்தனை மணிக்கு நிற்போம் என்று ஓரிரு வரிகள். அவ்வளவுதான். சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் நள்ளிரவில் வரிசையில் நிற்கலாயினர். காத்திருந்தவர்களும் ஒருவரோடொருவர் பழகி, வரிசையே ஒரு கொண்டாட்டமானது. பின்னாளில் 2014இல் வந்த 'செஃப்' என்ற திரைப்படத்துக்கு ராய் சோய் ஆலோசகராக இருந்தார். உணவு வண்டியும் ட்விட்டரும் அப்படத்தின் கதையோட்டத்தில் ஒன்றாகவே வருகின்றன.

கோகியின் வெற்றியில் நாம் கவனிக்க வேண்டியது, அவர்கள் விளம்பரம் செய்யவில்லை என்பதே. அவர்கள் செய்தி சொன்னார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்பது வாங்குபவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட தகவல். தம் பண்டத்தின் பெருமையைப் பத்து முறை பேசுவதைவிடப் பிறருக்குப் பயன்படும் ஒரு சொல்லை உரிய நேரத்தில் சொல்வது மேலானது என்னும் பாடம் அதில் இருக்கிறது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவர்களைவிட, அந்தக் கூட்டத்தைக் கண்டு ஆசைப்பட்டவர்களே மிகுதி.

வாடகை கேட்கும் காலம்

முகநூலில் கடைப்பக்கம் வைத்தவர்கள் முதலில் மகிழ்ச்சியாகவே இருந்தனர். தையற்கலைஞரும் அடுமனைக்காரரும் சிறு பதிப்பாளரும் தம் பக்கத்தில் ஒரு படத்தை இட்டால், பின்தொடர்வோர் பலரின் கண்ணில் அது பட்டது. செலவென்று ஏதுமில்லை. வாடிக்கையாளரைத் தம் பக்கத்துக்கு வரவழைக்க அவர்களே பாடுபட்டனர். கடைப்பலகையிலும் பில்லிலும் பையிலும் முகநூலின் நீலச் சின்னத்தை அச்சிட்டு, திண்ணையின் உரிமையாளருக்குக் கூலியில்லாமல் விளம்பரமும் செய்தனர்.

2012 மே மாதம் முகநூல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்குதாரருக்கு ஆண்டுதோறும் கணக்குச் சொல்ல வேண்டிய நிறுவனம் தன் இடத்தை இலவசமாக வைத்திருக்க இயலாது. ஒருவர் முகநூலைத் திறக்கும்போது அவருக்காகக் காத்திருக்கும் செய்திகள் ஏராளம். அவற்றுள் எது முதலில், எது கடைசியில், எது வரவே வராது என்று தீர்மானிப்பது நிறுவனத்தின் கணிப்பு நிரல். பக்கத்தைப் பின்தொடர்பவர் ஆயிரம் பேர் என்றால் அந்த ஆயிரம் பேருக்கும் செய்தி போய்ச் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 2014 நவம்பரில் முகநூல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெறும் விற்பனையையே நோக்கமாகக் கொண்ட பக்க இடுகைகள் 2015 ஜனவரி முதல் குறைவாகக் காட்டப்படும் என்றது அது. 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பர்க், இனி நண்பர்கள், குடும்பத்தினர் ஆகியோரின் இடுகைகளுக்கே முதன்மை என்றும், வணிக நிறுவனங்கள், ஊடகங்கள் ஆகியவற்றின் இடுகைகள் குறையும் என்றும் அறிவித்தார். காட்ட வேண்டுமானால் பணம் கட்டி விளம்பரம் செய்யும் வழி திறந்தே இருந்தது.

இதில் முகநூலின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கலாகாது. மக்கள் அங்கு வந்தது அக்காவின் குழந்தையைப் பார்க்க. அடுப்பு விற்பவரைப் பார்க்க அன்று. திண்ணை முழுதும் கடையானால் வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். ஆனால் நியாயம் எதுவாயினும் விளைவு ஒன்றே. ஐந்தாண்டு உழைத்துச் சேர்த்த கூட்டத்திடம் பேச, சிறுவணிகர் இப்போது காசு கொடுக்க வேண்டியதாயிற்று. 2016இல் இன்ஸ்டாகிராமும் காலவரிசையை விட்டுக் கணிப்பு நிரலின் வரிசைக்கு மாறியது. அதை முகநூல் நிறுவனம் 2012இலேயே வாங்கியிருந்தது.

நம்மூரின் வாசல்

தமிழ்நாட்டில் இக்கருவிகளின் அருமையைப் பலரும் உணர்ந்தது ஒரு பேரிடரின்போது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்த மாடியில் யார் சிக்கியிருக்கிறார், எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே சோறு கிடைக்கும் என்பன போன்ற செய்திகள் ட்விட்டரிலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறின. முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் உதவினர். சொந்த வாழ்வில் இக்கருவி ஆற்றக்கூடிய மிக உயர்ந்த பணி அதுவே என்று நாம் கருதுகிறோம்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையத்தின் விலை சரிந்தது. அதுவரை நகரத்து இளைஞரின் பொழுதுபோக்காக இருந்தது, சிற்றூரின் அடுக்களைக்குள்ளும் நுழைந்தது. நுழைந்த வாசலின் பெயர் வாட்ஸ்அப். உக்ரைனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜான் கோம், நண்பர் பிரையன் ஆக்டனுடன் சேர்ந்து 2009இல் தொடங்கிய நிறுவனம் அது. விளம்பரமே கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தனர். 2014இல் முகநூல் அதை 1900 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. 2017இல் ஆக்டனும் 2018இல் கோமும் வெளியேறினர். 2018 ஜனவரியில் சிறுவணிகருக்கெனத் தனி வாட்ஸ்அப் செயலி வந்தது. 2020இல் அதைப் பயன்படுத்துவோர் உலகெங்கும் 5 கோடி, அவர்களுள் 1.5 கோடிப் பேர் இந்தியர் என்று நிறுவனம் அறிவித்தது. 2025 ஜூனில் வாட்ஸ்அப்பின் ஒரு பகுதியிலும் விளம்பரம் வரும் என்ற அறிவிப்பு வெளியானது. பழைய உறுதி காற்றோடு போயிற்று.

வாட்ஸ்அப்பில் ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. அது நம் சிந்தனைக்கு உரியது. ஒரே செய்தியை 256 பேர் வரை ஒரு பட்டியலாக்கி அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதாவது, உங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ள விரும்பியவரிடம் மட்டுமே நீங்கள் பேச முடியும். வீட்டிலிருந்தபடி சேலையும் மசாலாப்பொடியும் விற்கும் பெண்கள் பலரின் வணிகம் இந்த ஓர் இழையில்தான் நிற்கிறது. படம் வருகிறது, விலை கேட்கப்படுகிறது, பணம் கைப்பேசி வழியே வருகிறது, கூரியரில் பொருள் போகிறது. கடை வாடகை இல்லை, முன்பணம் இல்லை, வெளியில் போகக் கூடாது என்று தடுக்கும் வீட்டாரிடம் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. தன் பெயரில் முதன்முதலாக ஒரு வங்கிக் கணக்கும் அதில் சிறிது பணமும் உள்ள பெண்ணின் நிமிர்வை நேரில் கண்டவர்கள் இக்கருவிகளை எளிதில் பழிக்க மாட்டார்கள்.

இந்த வலிமையைக் கண்டே 2015இல் பெங்களூரில் மீஷோ பிறந்தது. நிறுவனம் தரும் பொருள்களின் படங்களைத் தம் வட்டத்தில் பகிர்ந்து, தம் ஆதாயத்தைச் சேர்த்து விற்கும் மறுவிற்பனையாளர்கள் அதன் தூண்களாக இருந்தனர். பின்னாளில் அதே நிறுவனம் வாங்குவோரை நேரடியாகச் சேரும் அங்காடியாக மாறியது. நடுவில் நின்ற தோழியின் இடம் சுருங்கியது. பிரௌனி வைஸின் கதையை வாசகர்கள் இங்கு நினைவுகூரலாம்.

ஓர் இரவில்

வாடகை உயர்வதாவது தாங்கக்கூடியது. கதவே சாத்தப்படும்போது என்ன செய்வது?

டிக்டாக் செயலிக்கு இந்தியாவில் ஏறத்தாழ 20 கோடிப் பயனர்கள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆங்கிலம் அறியாத, நகரத்து நாகரிகம் அறியாத எளிய மக்கள் அதில் ஆடினர், பாடினர், சமைத்தனர். தம் கடையையும் கைத்தொழிலையும் காட்டினர். அதன் நிலையாமையைத் தமிழ்நாடு முன்னதாகவே ஒருமுறை கண்டது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அச்செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்கும்படி இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஏப்ரல் 24 அன்று தடை நீக்கப்பட்டது. மறு ஆண்டு கல்வான் பள்ளத்தாக்கு மோதலையடுத்து, 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அவற்றுள் ஒன்று. நாட்டின் பாதுகாப்பு குறித்த அம்முடிவை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. ஓர் இரவுக்குள் இலட்சக்கணக்கான பார்வையாளர்களை இழந்த சிற்றூர்க் கலைஞரின், கைவினைஞரின் நிலையை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம். பார்வையாளர் எவருடைய முகவரியும் அவர்களிடம் இல்லை. இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் அடுத்த மாதமே இந்தியாவுக்கு வந்தது. பலர் அங்கே சென்று, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினர்.

2021 அக்டோபர் 4 அன்று இந்தியாவில் இரவு உணவு நேரம். முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒருசேர நின்றன. நிறுவனத்தின் உள்வலையமைப்பில் செய்த ஒரு மாற்றம் தவறிப்போனதே காரணம். ஏறத்தாழ ஆறு மணி நேரம் அவை உலகெங்கும் இயங்கவில்லை. மூன்று திண்ணைகள் என்று நினைத்திருந்தது ஒரே வீட்டின் திண்ணை என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது. மைஸ்பேஸின் முடிவோ இன்னும் துயரமானது. 2005இல் 58 கோடி டாலருக்கு விலைபோன அது, 2011இல் ஏறத்தாழ 3.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2019இல், பயனர்கள் முன்பு ஏற்றிவைத்திருந்த பாடல்களும் படங்களும் வழங்கியை இடம்மாற்றும்போது அழிந்துவிட்டன என்று தெரிவித்தது. பன்னிரண்டாண்டு இசை அதோடு போயிற்று. சங்கச் சுவடிகளைக் கறையானுக்குக் கொடுத்த இனத்தவராகிய நமக்கு அந்த இழப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பேரேடு

நம் பழைய மாணவி ஒருவர் சுங்குடிச் சேலை விற்கிறார். முதுகலை படித்துவிட்டு வேலை கிடைக்காமல், திருமணத்துக்குப் பின் இத்தொழிலைத் தொடங்கினார். ஒருமுறை அவருடைய சமூக ஊடகக் கணக்கு காரணம் சொல்லப்படாமல் முடக்கப்பட்டது. எந்த நிறுவனம் என்பது இங்கு முக்கியமன்று. முறையீட்டுக்கு வந்த பதில்கள் இயந்திரம் எழுதியவை. ஆனால் அவர் கலங்கவில்லை. தொடங்கிய நாளிலிருந்தே ஒரு நீண்ட கோட்டுத்தாள் நோட்டில், வாங்கியவரின் பெயர், எண், ஊர், பிடித்த நிறம், வீட்டு விசேஷம் ஆகியவற்றைக் கையால் எழுதி வந்திருந்தார். இருபது நாளில் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். பாதிப் பேருக்கு மேல் சேலை வாங்கவில்லை. ஆனால் எல்லோரும் பேசினார்கள். தொழில் நின்றது. நமக்குத் தெரிந்த அளவில், இந்த வரலாற்றின் சாரம் அந்த நோட்டில் இருக்கிறது.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது அவரிடம் விளம்பர பலமும் இல்லை, விற்பனை முகவர்களும் இல்லை. பின்னாளில் தாம் வெளியிட்ட நூல்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். தமிழில் புதுக்கவிதை வேரூன்றியதில் அந்த மூட்டைக்கும் பங்குண்டு. சிற்றிதழ் நடத்தியவர்கள் காத்த பெருஞ்செல்வம் சந்தாதாரர் பதிவேடு. அச்சகம் மாறலாம், ஊர் மாறலாம், இதழின் பெயரே மாறலாம். பதிவேடு கையில் இருந்தால் இதழ் மறுபடி பிறக்கும். இன்றைய சிறு பதிப்பாளர் பலருக்கு முகநூலில் ஐயாயிரம் நண்பர்கள் உள்ளனர்; நூறு பேரின் அஞ்சல் முகவரி இருக்கிறதா என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்த வாழ்வின் பக்கமும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். டப்பா விருந்துக்கு அழைக்கப்பட்ட அமெரிக்கப் பெண்கள் பலர், வாங்காமல் எழுந்து வர முடியாத தர்மசங்கடத்தையும் அறிந்திருப்பார்கள். இன்று குடும்பக் குழுவில் சித்தி அனுப்பும் நைட்டி விலைப்பட்டியலுக்குப் பதில் எழுதாமல் இருப்பது எளிதா? உறவு என்பது வங்கி வைப்பைப் போன்றது. எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தீர்ந்துபோகும். தொழிலுக்கென்று தனி எண்ணும் தனிப் பட்டியலும் வைத்துக்கொள்வது, விரும்பிக் கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது, இழவுச் செய்தி வந்த நாளில் தள்ளுபடி அறிவிக்காதிருப்பது ஆகியவை விற்பனை நுட்பங்கள் அல்ல, மனிதர்க்குரிய இங்கிதங்கள். ஆனால் நீண்ட நாள் நிற்கும் வணிகத்துக்கும் அவையே அடித்தளம். கோகி வண்டியினர் செய்ததும் அதுதான். கேட்க விரும்பியவரிடம், தேவையானதை, சுருக்கமாகச் சொன்னார்கள்.

எனவே திண்ணையை ஒதுக்க வேண்டியதில்லை. ஊர்கூடும் இடத்தில் கடை விரிக்காத வணிகர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வந்து போகிறவர் எல்லோரையும் அங்கேயே விட்டுவிட்டு எழாமல், அவர்களுள் நம்மை நம்பியவர்களின் பெயரை நம் கையால் நம் ஏட்டில் எழுதிக்கொண்டு எழுவதே அறிவுடைமை. சிக்ஸ் டிகிரீஸ் போயிற்று, ஆர்குட் போயிற்று, ட்விட்டரின் பெயரே 2023இல் எக்ஸ் என்று மாறிற்று. நாளை வேறு ஏதேனும் போகும், வேறு ஏதேனும் வரும். வருகிற புதிய திண்ணையில் முதல் நாளே போய் அமர்வோம். பேரேட்டை மட்டும் வீட்டிலேயே வைத்திருப்போம்.